மூன்று டைரிகளும் ஒரு குழாயும்

போன வியாழக்கிழமை எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அதற்கு ஒருவர் சாக வேண்டியிருந்தது.

பதறாதீர்கள்... சொல்கிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து வித்துரா போகிற வழியில் ஒரு மேட்டுத் தெருவில் குடியிருக்கிறேன். ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி என்ற பாவத்தையும் சுமக்கிறேன். குழாய் போட்டு முடித்து ஐந்து வாரம். கல்வெட்டில் மூன்று பெயர்கள் — வார்டு மெம்பர், பஞ்சாயத்து பிரசிடென்ட், பிளாக் பிரசிடென்ட். மூவரும் சேர்ந்து வந்துதான் திறக்க வேண்டுமாம். அதுவரை வால்வில் யாரும் கை வைக்கக்கூடாது. தேதி வாங்கும் வேலை என் தலையில்!

மெம்பருக்கு ஞாயிறு சரி. பஞ்சாயத்து பிரசிடென்ட்டோ, "ஞாயிறு மூணு கல்யாணம் உண்டு சாரே" என்றார். அவர் செவ்வாய் தந்தால் பிளாக் பிரசிடென்ட்டுக்கு மீட்டிங். ஒருவரை விட்டுவிட்டுத் திறந்தால் என்ன?

"ஐயோ... அது வலிய பிரச்சனையாகும் சாரே!" என்று அலறினார் மெம்பர். தண்ணீர் இல்லாதது சின்னப் பிரச்சனை போலிருக்கிறது.

எதிர் லைன் வீட்டு இசக்கியம்மாளுக்குச் சொந்த ஊர் வள்ளியூர். ஓட்டல் சமையற்கட்டில் வேலை. காலையில் ஜங்ஷன் குழாயிலிருந்து ஆறு குடம் மேடேற்றிவிட்டுத்தான் ஓடுவாள். "இன்னொரு நாள் லேட்டானா வரண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாரு சார். எப்பதான் தொறப்பீய?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வியாழன் காலை, தெருக்கோடி பலசரக்குக் கடைக்காரர் காலமானார். வயது எண்பத்து நாலு, தெருவிலேயே மூத்தவர். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால்... ஆளுக்கொரு மலர்வளையத்தோடு மூவரும் ஆஜர்! யாரும் போன் போடவில்லை. யாரும் டைரியைப் புரட்டவில்லை. துக்க வீட்டில் முகம் காட்டாதவருக்கு அடுத்த முறை ஓட்டு விழாதே! இசக்கியம்மாளுக்கு ஓட்டு வள்ளியூரில். அவளிடம் எதற்கு முகம் காட்ட வேண்டும்?

விடுவேனா? வாசலிலேயே மறித்தேன். "நாலு வீடு தள்ளித்தான் சார்... ரெண்டே நிமிஷம்!"

துக்க முகத்தோடே வந்தார்கள். கல்வெட்டின் மேலிருந்த துணியை விலக்கி, வால்வைத் திறந்தார்கள். போட்டோவுக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார்கள். லீவு சொல்லிவிட்டுத் துக்கத்துக்கு வந்திருந்த இசக்கியம்மாள் ஓடிப் போய்க் குடத்தோடு வந்தாள். முதல் குடம் நிறைந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்ல மனுசன். போறப்பவும் ஒரு உபகாரம் பண்ணிட்டாரு" என்றாள். பிறகு மேலே பார்த்தாள். "தெருவிளக்கும் தொறக்காமத்தான் கெடக்கு. அதுக்கு என்ன சார் வழி?"

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த மூத்தவன் நான்தான்.