என் லேப்டாப்புக்காக நின்ற லோரிகள்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைச் சமயம், ஒரு சனிக்கிழமை மதியம், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சுபாங் ஜெயாவில் ஒரு கடையில் கேமிங் லேப்டாப் வாங்கியிருந்தேன். அந்த வகையில் இருப்பதிலேயே மலிவானது. "பேரனுக்கா அங்கிள்?" என்றார் விற்பனையாளர். எனக்குத்தான் என்றதும் அவர் முகம் போன போக்கிலேயே கொடுத்த பணத்தில் பாதி வசூலாகிவிட்டது.

நான் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. உத்தரவாதத் தாளைக் கடைசி வரி வரை படித்த பிறகே பெட்டியைப் பிரித்தேன். அடுத்து, புதுச் சாமான் வந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். சோபாவுக்குப் பிளாஸ்டிக், ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக், லேப்டாப்புக்கு மட்டும் வேண்டாமா? பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் சுருக்கம் விழாமல் உறை போட்டேன். திரைக்கும் விசைகளுக்கும் அளந்து வெட்டி வழிவிட்டேன். அடியில் ஏதோ சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. தூசு உள்ளே போய்விடுமே என்று அவற்றை நன்றாக மூடி ஒட்டினேன்.

வாங்கியது லோரி ஓட்டுவதற்காக. இணையத்தில் பலர் சேர்ந்து, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே வரிசையாக லோரி ஓட்டும் விளையாட்டு அது. நம் வட்டாரத் தமிழர்களின் குழு ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது. குழுவின் தலைவி பூச்சோங்கில் இருக்கும் ஒரு தாதி. இன்னொருவர் பண்டமாரானில் நிஜமாகவே துறைமுக லோரி ஓட்டுபவர். பகலெல்லாம் லோரி ஓட்டிவிட்டு, இளைப்பாற வீட்டுக்கு வந்து மறுபடி லோரி ஓட்டுகிறார். ஆளில்லாத சந்திப்பிலும் நான் சிக்னல் போட்டு நிற்பேன். "அங்கிள் பின்னால வந்தா லைசன்ஸ் டெஸ்ட் எடுக்கிற மாதிரியே இருக்கு லா" என்பார்.

அன்று போட்டி. குழுவின் எல்லா லோரிகளும் வாசல் மூடுவதற்குள் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டும். ஒன்று குறைந்தாலும் தோல்வி. ஆனால் வழியில் பழுதாகி நிற்பவரைத் தலைவி குழுவிலிருந்து நீக்கிவிட்டால் மற்றவர்கள் போகலாம். மற்றவர்கள் இந்த விதியைப் படித்தார்களோ இல்லையோ, எனக்கு மனப்பாடம். இதற்கு முன் இரண்டு முறை அந்தக் குழு தோற்றிருந்தது. அப்போது நான் அதில் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பாதி வழி வரை ராஜ பவனிதான். மலை ஏறினோம், பாலம் கடந்தோம். நெஞ்சு படபடத்தது, வாலிப வயதில்கூட இப்படி அடித்துக்கொண்டதாக நினைவில்லை. லேப்டாப்பும் சேர்ந்து இரைந்தது.

"என்னங்க, அது பறந்துடப் போவுது, புடிச்சுக்குங்க!" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார் மனைவி.

அவர் வாய் மூடுவதற்குள் திரை இருண்டது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல். கைத்தொலைபேசியை எடுத்துக் குழுவுக்கு முறைப்படி எழுதினேன்: 'இயந்திரக் கோளாறு. விதிப்படி என்னை நீக்கிவிட்டுப் பயணத்தைத் தொடரவும்.' பதில் இல்லை. போய்விட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

பிளாஸ்டிக் வாடைக்கு ஓடிவந்த மனைவி லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தார். "மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடு ஓடுன்னா எப்படிங்க ஓடும்?" என் அழகான உறையை ஒரே இழுப்பில் கிழித்தார். கேக் ஆற வைக்கும் கம்பித் தட்டின் மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்து, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினார்.

சூடு தணிந்ததும் லேப்டாப்பை முடுக்கி, மறுபடி விளையாட்டுக்குள் நுழைந்தேன். நான் நின்றுபோன அதே இடம் திரையில் வந்தது. எனக்கு முன்னால், சாலையோரமாக, எல்லா லோரிகளும் அபாய விளக்குகளைச் சிமிட்டியபடி வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"அங்கிள் வந்துட்டாரு!" பண்டமாரான்காரர் ஹாரனை விடாமல் அடித்தார்.

"என் மெசேஜ் கிடைக்கலையா?" என்றேன்.

"கிடைச்சுது அங்கிள். ரொம்ப நீளம், யாரும் படிக்கல" என்றார் தலைவி. "இப்பப் பேசாம எனக்குப் பின்னால வாங்க. இன்னிக்கு ஒரு நாள் ரூல்ஸ் புக்க மூடி வைங்க, ப்ளீஸ்."

"சிக்னல் மட்டும் போட்டுக்குறேன்."

"போட்டுக்குங்க லா, ஆனா பிரேக்க மட்டும் தொடாதீங்க!"

பறந்தோம். வளைவில் என் லோரி சாய்ந்தபோது மனைவியும் சேர்ந்து சாய்ந்தார். "மிதிங்க, மிதிங்க!" என்று என் தோளில் குத்தினார். துறைமுக வாசல் தெரிந்தபோது தடுப்புக் கம்பி இறங்க ஆரம்பித்திருந்தது. கடைசியாக நுழைந்தது பண்டமாரான்காரர். என்னை முன்னால் விட்டு, தான் பின்னால் வந்திருந்தார். எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள்.

என்னை நீக்க விதி இருந்தது, விதியை அவர்களுக்கு எடுத்துச் சொன்னதும் நானே. முகம் பார்த்திராத அந்த மனிதர்கள் அதைப் படிக்கக்கூட இல்லை. இன்றும் கூட்டரசு நெடுஞ்சாலையில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஓரமாக ஒரு லோரி நின்றால், அது பழுதாகி நிற்பதாக எனக்குத் தோன்றுவதில்லை. யாரையோ விட்டுப்போக மனமில்லாமல் நிற்பதாகவே தோன்றுகிறது.