இடம் கிடைக்காத யானை

கல்லை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, தாளை விரித்து, கரித்துண்டைப் படுக்கவைத்து இரண்டு கைகள் மெதுவாகத் தேய்த்தன. கோயில் மண்டபத் தரையில் யாரோ எப்போதோ கீறிய கோடுகள் தாளில் வெள்ளையாக எழும்பி வந்தன. நெடுக்கே எட்டு, குறுக்கே எட்டு.

தேய்த்தவர் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருந்த கோதண்டபாணி. சதுரங்கம் எங்கே பிறந்தது, எப்படி மாறியது என்று பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு சைக்கிளும் தறி ஓடாத அமாவாசையும் போதும். ஊருக்கு ஊர் ஆட்டம் வேறாக இருந்த நாட்கள் அவை. திருமுக்கூடலில் ராஜா ஆட்டத்துக்கு ஒருமுறை குதிரை போலத் தாண்டலாம், ஏனாத்தூரில் கூடாது. புளியங்கொட்டைதான் காலாள். ஆற்காட்டு அத்தர் வியாபாரி ஒருவர் யானையைப் பாரசீக மொழியில் ‘ஃபீல்’ என்று சொல்லி, அது நேராக ஓடாமல் மூலைவாட்டில் பாயும் என்று காட்டினார். பாரசீகம் போய்த் திரும்பிய யானை என்று கோதண்டபாணி நோட்டில் எழுதிக்கொண்டார்.

1973இல் ஊர்ச் சதுரங்க மன்றம் மலர் போட நினைத்து அவரிடம் கட்டுரை கேட்டது. அச்சில் வரப்போகும் அவருடைய முதல் எழுத்து. சின்ன வயதில் அப்பாவோடு கோயிலுக்குப் போனபோதே பார்த்து வைத்த மண்டபத்துப் பலகைதான் அதற்கு உயிர். அதை அட்டையிலேயே போடுவதாகச் செயலாளர் கலியாணசுந்தரம் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

கொடுக்க வேண்டிய நாள் காலையில் மனைவி ரேணுகாம்பாள் கரி தேய்த்த தாளைப் பாயில் விரித்து, விளையாட்டாகக் காய்களை அடுக்கினாள். கடைசி யானை கையிலேயே நின்றுவிட்டது.

“இன்னாங்க, இதுக்கு எடமே இல்லியே?”

“சரியா வைம்மா.”

“நீங்களே வைங்க. ஏழு கட்டந்தான் இருக்குது.”

கோதண்டபாணி விரல் வைத்து எண்ணினார். பாவில் இழை எண்ணிப் பழகிய கண் கோட்டைத்தான் எண்ணியிருந்தது. எட்டுக் கட்டத்துக்கு ஒன்பது கோடு வேண்டும். மறுபடி எண்ணினார்; ஏழேதான். ரேணுகாம்பாளுக்கே மனசு கேட்கவில்லை. யார் குனிந்து எண்ணப் போகிறார்கள், அப்படியே கொடுத்துவிடுங்கள் என்றாள்.

மதியம் வரை தறி ஓடவில்லை. கட்டுரையின் கடைசிப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘மண்டபத்தில் இருப்பது சதுரங்கப் பலகை அல்ல. ஏழு கட்டம். என்ன ஆட்டம் என்று எனக்குத் தெரியவில்லை.’

கலியாணசுந்தரம் வாசலில் நின்றபடியே அதைப் படித்தார். முகம் வாடிவிட்டது.

“இன்னாபா இது? அட்டைக்கு நான் இன்னாத்த போடுறது?”

ராஜா குதிரை போலத் தாண்டுவதைக் கட்டம் போட்டு வரைந்திருந்த தாளை எடுத்துக் கட்டுரைக்கு மேலே வைத்தார் கோதண்டபாணி.

“இத்த போடுபா. ஒம்போது கோடு இருக்குது, எண்ணிட்டேன்” என்று எல்லாவற்றையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தார்.