குழாய்க்கு எத்தனை வீடு

தொண்ணூறுகளின் கடைசியில், சித்தையன்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். எட்டாம் வகுப்புக்கு விகிதம் நடத்தும்போது, அவரவர் தெருவில் ஒரு குழாய்க்கு எத்தனை வீடு என்று எண்ணி வரச் சொன்னேன். திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து தினமும் என்னோடு பஸ்ஸில் வரும் என் தோழியான அறிவியல் டீச்சரும் நானும் சேர்ந்து போட்ட திட்டம் அது.

பள்ளிக் கண்காட்சியில் பிள்ளைகள் பட்டை வரைபடத்தை மாட்டினார்கள். மேலத்தெருவின் பட்டை குட்டையாக நின்றது. காலனியின் பட்டை அட்டையின் உச்சியைத் தொட்டது. பார்க்க வந்த ஊராட்சித் தலைவரிடம், "ஒரே ஊருதான சார், ஏன் இம்புட்டு வித்தியாசம்?" என்று காலனி மாணவி ஒருத்தி கேட்டுவிட்டாள். அவர் முகம் சிவக்க வெளியேறினார்.

மறுநாள் தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "பிள்ளைகள வச்சு ஊருக்குள்ள சண்ட மூட்டப் பாக்குறீகளா? யார் வேல இது?"

நான் தோழியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். டீச்சர் கேட்டாங்கன்னு கலர் பேப்பர் வெட்டிக் குடுத்தேன், அம்புட்டுதான்."

எட்டாம் வகுப்புக் கணக்கை என்னிடமிருந்து எடுத்து அவளுக்குக் கொடுத்தார்கள். வரைபடத்தைக் கழற்றினார்கள். அந்த மாணவி ஓடி வந்து, "டீச்சர், நாங்க எண்ணுனது தப்பா?" என்றாள்.

"இல்லடா, சரியாத்தான் எண்ணுனீங்க."

சாயங்காலம் பஸ்ஸில் தோழி எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள். "கோவமா டீச்சர்? எனக்கு வேல இன்னும் நிரந்தரமாகலல்ல" என்றாள்.

திண்டுக்கல் வரும்வரை நான் நின்றுகொண்டே வந்தேன்.