பாலகோபாலின் முன்பிரேக்

பாலகோபால் இறந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டாள் மகள் பிரத்யுஷா. ஸ்ஸ்ஸ் என்று ஒரே இழுப்பாக உரசல். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு வளைந்திருந்தால் சுற்றுக்கு ஒருமுறைதான் சத்தம் வரும். இது முழுச் சுற்றும் வந்தது.

"சனியனே" என்றாள்.

பத்து மணிக்கு யூனுஸ் வந்துவிடுவார். பக்கத்துத் தெருவில் கார் சீட் கவர் தைப்பவர். தினமும் காலையில், அவள் நைனா என்று கூப்பிடும் அப்பாவோடு சைக்கிள் ஓட்டியவர். சைக்கிள் அவருக்குத்தான் என்று அம்மா ராமாமணி வாக்குக் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை பிரத்யுஷா புனேவுக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சத்தத்தோடு அது வீட்டைவிட்டுப் போகக்கூடாது. நைனா விட்டிருக்க மாட்டார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் கம்பெனியின் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவர் அவர். ஸ்க்ரூடிரைவர் முனையை ஓடும் மோட்டாரின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். பேரிங் போகப்போகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். வீட்டில் மிக்சிக்கும் அதே வைத்தியம். ஒரு கல்யாணத்தில் பந்தியை விட்டு எழுந்துபோய் மண்டபத்து ஜெனரேட்டரைக் கேட்டுவிட்டு வந்தார். பிரத்யுஷாவின் கல்யாண நகைக்கு ஆர்.எஸ்.புரம் போனபோது, தராசு முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று கடைக்காரரை மூன்று தடவை காட்டச் சொன்னார். அம்மாவுக்கு மானம் போயிற்று.

அப்படிப்பட்ட ஆள் இந்த பிரேக்கை எப்படி இப்படியே விட்டார்?

பிரேக் கட்டைகளைத் தாங்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினாள். பிரேக்கைப் பிடித்தபடியே இறுக்கினாள். உரசல். தட்டுக்கும் கட்டைக்கும் நடுவே விசிட்டிங் கார்டைச் செருகி மறுபடி இறுக்கினாள். உரசல். சக்கரத்தைக் கழற்றி, கட்டைகளை எடுத்து, அவற்றை அழுத்தும் பிஸ்டன்களைத் துணி சுற்றிய ஸ்பேனரால் உள்ளே தள்ளினாள். தள்ளினால் போயின. பிரேக்கை ஒருமுறை பிடித்ததும் வெளியே வந்தவை, திரும்ப உள்ளே போக மறுத்தன.

"காப்பி ஆறுது கண்ணு" என்றாள் அம்மா.

"இருங்கம்மா! இந்த மனுசன் என்னத்தைப் பண்ணி வெச்சிருக்காருன்னு பாக்கறேன்."

கைப்பிடியில் இருக்கும் சின்ன எண்ணெய்த் தொட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த ரப்பர் உறை ஊதிப் புடைத்திருந்தது. வாசனை மூக்கில் ஏறியது. கம்பெனி பிரஸ் மெஷினின் எண்ணெய். நைனாவின் சட்டைகளில் எத்தனை சோப்புப் போட்டும் போகாத வாசனை. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் விட்டாள். இந்த பிரேக்குக்கு உரிய திரவம் தண்ணீரில் கலந்துவிடும். இது மிதந்தது.

தொட்டி மூடியில் எந்தத் திரவம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதித்தவர் ஒரு மூடியைப் படிக்கவில்லை. எண்ணெய் பட்டு உள்ளே ரப்பர் சீல் எல்லாம் ஊதிவிட்டது. இனி எதைத் திருகியும் பயனில்லை.

"ஏன் அம்மணி, இன்னும் கத்துதா அது?" யூனுஸ் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"தப்பான ஆயிலை ஊத்தி வெச்சிருக்காருங்க மாமா. படிச்சுப் பாக்க வேண்டாமா ஒரு மனுசன்?"

"நான் அப்பவே சொன்னேன், கடைக்குக் கொண்டு போலாங்கன்னு. கேட்டாத்தானே! 'எம்புள்ள ஹைட்ராலிக்ஸ்லயே வேலை பாக்கறா, நீ கடைங்கறே'ன்னு என்னையத்தான் திட்டுனாரு. நீதான் போன்ல சொன்னியாமே, ஹைட்ராலிக் ஆயிலை மாத்துங்கன்னு."

பிரத்யுஷா டம்ளரைக் கீழே வைத்தாள்.

சொன்னாள். மார்ச்சிலோ ஏப்ரலிலோ, ஒரு மீட்டிங்குக்கு நடுவே. மண் அள்ளும் இயந்திரம் செய்யும் அவள் கம்பெனியில் ஹைட்ராலிக் ஆயில் என்றால் இந்த மெஷின் எண்ணெய் ஒன்றுதான். 'லீவுல வந்து பாக்கறியா கண்ணு?' என்று அவர் கேட்டதற்கு, 'இதுக்கெல்லாமா லீவு நைனா' என்று சிரித்தாள்.

"மாத்தியும் சத்தம் நிக்கலீங்களே, மூடியில வேற என்னமோ போட்டிருக்கேன்னு காட்டுனேன்" என்றார் யூனுஸ். "'அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்'னுட்டாரு."

ஆக, படித்திருக்கிறார். படித்தும் ஊற்றியிருக்கிறார். அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்தி வந்தது.

"குடு அம்மணி. பின்பிரேக் நல்லாத்தான் புடிக்குது. நான் மெதுவா ஓட்டிக்கறேன்."

"முடியாதுங்க மாமா."

"அட, எனக்கென்ன ரேசா?"

"முன்பிரேக் இல்லாம இது கேட்டைத் தாண்டாதுங்க."

"அவரு ஒருத்தரு போதாதுன்னு நீ வேற" என்று சலித்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார் யூனுஸ். அம்மா அவருக்கும் காப்பி கொண்டுவந்தாள்.

பிரத்யுஷா ஆர்.எஸ்.புரத்துச் சைக்கிள் கடைக்குப் போன் செய்தாள். புது முன்பிரேக் முழு செட்டாகத்தான் வரும், புதன்கிழமை ஆகிவிடும் என்றார்கள். விமானச் சீட்டை ரத்து செய்துவிட்டு, கம்பெனிக்கு நான்கு நாள் விடுப்பு எழுதினாள். காரணம் கேட்ட கட்டத்தில் 'சொந்த வேலை' என்று அடித்துவிட்டு, அதை அழித்தாள்.

'சைக்கிள் பிரேக்' என்று எழுதி அனுப்பினாள்.