அம்மாவுக்கு வாங்கிய பப்பாளி

எனக்கு இன்றைக்கும் கண் நன்றாகத் தெரிகிறது. ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். இந்த வயதிலும் என்ன கண்ணடா இது என்று அவர்கள் மெச்சும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போகும். அந்தக் கண்ணின் கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற மாதிரியா இருக்கிறது?

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பக்கத்திலேயே ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவின் அக்காவான அத்தையும் எங்களோடுதான் இருந்தார். தம்பி பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது அம்மாவுக்கு மாலைக்கண் வந்தது. பகலெல்லாம் அரிசியில் கல் பொறுக்குகிறவள், விளக்கு வைக்கிற நேரமானால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். ஒரு நாள் தம்பியோடு வாசல் சாக்கடையில் காலை விட்டுவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அத்தை போட்ட சத்தம் சந்து முனை வரை கேட்டது.

நர்ஸை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்போம். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரு சீன மிஸ்ஸி வருவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது. நானோ தெருவில் மலாயும் கன்னியர் மடத்துப் பள்ளியில் இங்கிலீஷும் படித்த மேதாவி. நடுவில் நின்று இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்கிற வேலை எனக்கு வந்தது. அந்தப் பெருமையில் தரையில் கால் பாவவில்லை.

பப்பாளியும் மாம்பழமும் கண்ணுக்கு, தினமும் தின்ன வேண்டும் என்றாள் மிஸ்ஸி. ஆரஞ்சும் கொய்யாவும் ஈறில் வடிகிற ரத்தத்தை நிறுத்தும். வாழைப்பழம் வயிற்றுக்கு நல்லது, ஆனால் கண்ணுக்கு அது மட்டும் போதாது. ஒரே பழத்தோடு நிறுத்தாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடச் சொன்னாள். அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அத்தை ஒத்துக்கொண்டால்தானே! பால் கொடுக்கிறவள் ஆரஞ்சு தின்றால் பிள்ளைக்குச் சளி, பப்பாளி தின்றால் சூடு. "கண்ட பழத்தையும் தின்னு புள்ளைக்கு மாந்தம் வந்தா, அந்த மிஸ்ஸியா வந்து பாப்பா?" என்று கேட்டுவிட்டார். அதனால் எல்லாம் ரகசியமாக நடந்தது. அம்மா முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்துத் தருவாள். பள்ளி விட்டு வரும் வழியில் பழவண்டியில் வாங்கிப் பையில் மறைத்துக்கொண்டு வருவேன். குளியலறைக்குப் பின்னால் நின்று அம்மா அவசர அவசரமாகத் தின்பாள்.

முதல் வாரம் யோக்கியமாகத்தான் இருந்தேன். இரண்டாம் வாரம் பப்பாளிக் கீற்றின் ஓரத்தைக் கொஞ்சம் கடித்தேன். பிறகு பாதி, அப்புறம் முழுவதும். மாம்பழம் வாங்கின நாளில் கொட்டையைச் சப்பித் தூக்கி எறிந்த பிறகுதான் எனக்கு அம்மா ஞாபகமே வந்தது. மிச்சக் காசுக்கு ஒரு வாழைப்பழம் வாங்கிப் போய், இன்றைக்குப் பப்பாளியும் இல்லையாம், மாம்பழமும் இல்லையாம் என்றேன். வாழைப்பழமும் பழந்தானே! அதையே மறுநாளும் சொன்னேன், அதற்கடுத்த நாளும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சீனி திருடியதைச் சொன்ன இந்தக் கழுதை, இதைச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து மிஸ்ஸி திரும்ப வந்தாள். அத்தை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். அம்மா தினமும் பப்பாளியும் மாம்பழமும் சாப்பிட்டாளா என்று மிஸ்ஸி என்னிடம் மலாயில் கேட்டாள். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"தம்பி நல்லாப் பால் குடிக்கிறானான்னு கேக்குறாங்கம்மா."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு நாள்கூடத் தவறுறதில்லைன்னு சொல்லு பாப்பா."

ஒரு நாள்கூடத் தவறவில்லையாம் என்று மிஸ்ஸியிடம் சொன்னேன்.

மிஸ்ஸி அம்மாவின் இமையை விலக்கிப் பார்த்தாள். இவ்வளவு சாப்பிட்டும் கண் தெளியவில்லையென்றால் இது வேறு நோயாக இருக்கலாம், பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றாள். அதுவரை பொழுது சாய்ந்த பிறகு அம்மா பிள்ளையைத் தூக்கவே கூடாது, வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பதை மட்டும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். மிஸ்ஸி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அம்மா முணுமுணுத்தாள்.

அன்று விளக்கு வைத்ததும் அத்தை தம்பியை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் போனார். அவன் பாலுக்கு வீறிட்டு அழுதான். அம்மா சமையலறைச் சுவரில் சாய்ந்து, வெறும் மடியில் கையை வைத்துக்கொண்டு, அழுகை வந்த திசையில் முகத்தைத் திருப்பியிருந்தாள். பாவம், இப்போதாவது கொஞ்சம் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அவள் ரவிக்கையின் முன்பக்கம் முழுக்க ஈரமாக இருந்தது. கண் தெரியாமல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டாள் என்று நினைத்து, துடைக்கத் துணி எடுத்து வர ஓடினேன்.