தோளுக்குப் பின்னால்தான் பட்டது

மார்லிஸ் கோசோபுட்ஸ்கியிடம் பொய் சொல்லாத வேட்டைக்காரன் வட விஸ்கான்சினில் இன்னும் பிறக்கவில்லை. பகலெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு சூப் ஊற்றிவிட்டு அவள் வீடு திரும்பினால், வில்வேட்டைக் காலம் முழுக்க ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். அம்பு பட்ட மான் ஓடிவிட்டது, வந்து கண்டுபிடித்துக் கொடு என்பார்கள். அவளும் கிரேவியும் கிளம்புவார்கள். கிரேவி, வயிறு தரையில் உரசுகிற குட்டைக்கால் நாய். மோப்பத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"எங்க பட்டுச்சு?" என்பாள்.

"தோளுக்குப் பின்னாலதான் மார்லிஸ். நுரையீரல்ல. சத்தியமா."

எல்லா ஆம்பிளைகளும் இதையேதான் சொல்வார்கள். அவள் அம்பை வாங்கிப் பார்ப்பாள். இளஞ்சிவப்பாய் நுரை இருந்தால் சொன்னது நிஜம். மான் பக்கத்திலேயே விழுந்திருக்கும், உடனே தேடலாம். பச்சையாய்ப் பிசுபிசுத்து நாறினால் குடல். அப்போது அவசரப்பட்டால் காரியம் கெட்டது. விட்டுவைத்தால் மான் அருகிலேயே படுத்து உயிரை விடும். பின்னாலேயே போனால் எழுந்து சதுப்பைத் தாண்டிப் போய், கடைசியில் நரிக்குத்தான் விருந்து.

"குடல்ல அடிச்சுட்டு நுரையீரல்னு கதை விடுறியா? போ, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. காலைல வரேன்."

இப்படி அவள் விரட்டியவர்களில் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் உண்டு. ஒரு தடவை பாதிரியாரும்.

அவளுடைய அம்பு கனமானது. முனையில் இரண்டே கத்தியலகு. முன்கை மயிரை மழிக்கும்வரை தீட்டுவாள். அதைப் பார்த்தாலே அவள் கணவன் டுவெய்னுக்குக் கிண்டல்தான்.

"இது அம்பா, வேலிக்கம்பா? போய்ச் சேர்றதுக்குள்ள மானுக்கு வயசாயிடும்."

"உன்னோடது வேகமாப் போயி எலும்புல முட்டி நிக்கும். என்னோடது அந்தப் பக்கமா வெளிய வரும். பேசாம காப்பியக் குடி."

பக்கவாட்டில் நிற்கிற மான், இல்லையென்றால் சற்றே அப்பால் திரும்பிய மான். இந்த இரண்டைத்தான் அடிக்கலாம், தன் பக்கம் மார்பைத் திருப்பி நிற்பதைத் தொடவே கூடாது என்பது அவள் சட்டம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சட்டம் காற்றில் பறந்தது. கோடையிலிருந்தே அவள் கண் வைத்திருந்த பெரிய ஆண்மான், மக்காச்சோளக் காட்டை விட்டு, மரத்தில் அவள் கட்டியிருந்த பரணுக்கு எதிரே வந்து நின்றது. மார்பு அவள் பக்கம். இன்னும் ஓர் எட்டு வைத்தால் பக்கவாட்டில் வந்திருக்கும். கைக்குப் பொறுமையில்லை; அம்பை விட்டுவிட்டாள். மான் முதுகை வளைத்துக்கொண்டு, ஓடாமல், மெல்ல நடந்து கோரைக்குள் போயிற்று.

அப்படி நடந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது? இறங்கி, மண்ணில் குத்தி நின்ற அம்பைப் பிடுங்கி முகர்ந்தாள். குடல் நாற்றம். பிறகு எத்தனையோ பேரைத் திட்டித் தீர்த்த அதே வேலையைச் செய்தாள்: அம்பைப் புல்லில் அழுந்தத் துடைத்தாள்.

தன் பரணிலிருந்து டுவெய்ன் ஓட்டமாய் வந்தான்.

"எங்க பட்டுச்சு?"

"தோளுக்குப் பின்னால" என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

அவன் நம்பிவிட்டான். மார்லிஸ் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? "அப்படிப் போடு! மான இழுக்க எல்ராய டிராக்டரோட வரச் சொல்றேன்" என்று டார்ச்சைப் போட்டுக்கொண்டு கோரைக்குள் இறங்கினான்.

அவனுடைய பூட்ஸ் சேற்றில் சளக் சளக்கென்று உள்ளே போகப் போக மார்லிஸுக்குக் காதெல்லாம் சூடேறியது. சொன்னால் சாகிறவரை கேலி செய்வான். சொல்லாவிட்டால் மான் எழுந்து போய்விடும்.

"டுவெய்ன், நில்லு! அசையாத!"

"என்ன?"

"குடல்ல பட்டுடுச்சு. என் பக்கம் திரும்பி நின்னுச்சு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

டுவெய்ன் அங்கேயே நின்றான். அப்புறம் பூனைபோலப் பின்வாங்கிக் கரையேறினான். மரக்கட்டையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

"அம்பைத் தொடச்சியா?"

"தொடச்சேன்."

"ஐயோ மார்லிஸ்! போ, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு."

சாப்பிட்டாள்; தூக்கம்தான் வரவில்லை. வெளியே உறைபனி விழுந்துகொண்டிருந்தது. தன் அவசரத்தால் ஓர் உயிர் அங்கே வலியோடு கிடக்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டது.

விடிந்ததும் கிரேவி கயிற்றை இழுத்துக்கொண்டு கோரைக்குள் பாய்ந்தது. டுவெய்னின் பூட்ஸ் தடம் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மான் படுத்தபடியே விறைத்துக் கிடந்தது. இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் எழுந்து போயிருக்கும். மார்லிஸ் மண்டியிட்டு அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

பின்னாலேயே டிராக்டரில் வந்து இறங்கினான் பக்கத்துப் பண்ணை எல்ராய். போன வருஷம் மார்லிஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

"அடேயப்பா, என்னா கொம்பு! எங்க பட்டுச்சு?"

டுவெய்ன் மானுக்கும் அவனுக்கும் நடுவே போய் நின்றுகொண்டான். குளிர்காலம் முழுக்க மதுக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க டுவெய்னுக்கு வாய்த்த கதை அது.

"தோளுக்குப் பின்னால. நுரையீரல்ல" என்று அதை விட்டுக்கொடுத்தான்.

இவனைத்தானே கட்டிக்கொண்டோம் என்று மார்லிஸுக்குச் சந்தோஷம் பொங்கியது. எழுந்து வந்து அவனை ஓரமாய்த் தள்ளினாள்.

"இவன் புளுகுறான் எல்ராய். நல்லாப் பாரு. குடல்ல."