பம்ப் துப்பாக்கிக்கு ஒரு டார்ச்

நான் வேலை பார்க்கும் கோவைத் துப்பாக்கிக் கடைக்கு, சேலைமேல் ஆண் சட்டை போட்ட ஓர் அம்மா வந்தார். மேட்டுப்பாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவர். திருட்டுப் பயத்தில் மகன் டவுனுக்குக் கூப்பிடுகிறானாம். இவருக்குத் தோட்டத்தை விட மனமில்லை. முன்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடும் தன் பம்ப் துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தார். அதில் மாட்டக் குறிபார்க்கும் லேசர், தோட்டாப் பட்டை, கூடுதல் பிடி என்று உற்சாகமாக எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் எடைபார்த்துத் திருப்பி வைத்தார்.

“ஏங்கண்ணு, நானென்ன சண்டைக்கா போறேன்? டார்ச்சு மட்டும் மாட்டு. வாசல்ல நிக்கறது திருடனா, பக்கத்துத் தோட்டத்துக்காரனான்னு தெரியோணுமல்ல?”

மாட்டிக் கொடுத்தேன். அங்கேயே மகனுக்குப் போன் போட்டார்.

“நான் வரல சாமி. நீ வா. எந்நேரமானாலும் பயப்படாத, மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சுடுவேன்.”

கடையே சிரித்தது. அவ்வளவு தைரியத்தோடு அவ்வளவு குறைவாக வாங்கிப் போன இன்னொருவரை நான் பிறகு பார்க்கவில்லை.